மேடைப்பேச்சு பழக எங்கே போகலாம்: வார இறுதி வகுப்பா, கிளப்பா, ஊர்க் கூட்டமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு மேடை சொல்லாமல் கொள்ளாமல்தான் வருகிறது. பால் சொசைட்டிக்குத் தலைவராகிவிட்டால் பொதுக்குழுவில் எழுந்து நின்று வரவு செலவைச் சொல்லியாக வேண்டும். கேரள அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீயில் பொறுப்புக்கு வந்தால் பஞ்சாயத்து ஹாலில் மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்க) கூட்டம், கோயில் கமிட்டி, ஓய்வு பெறும் வாத்தியாருக்கு வாழ்த்துரை, கோவை கம்பெனியில் நேர்காணல் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். "பேசிப் பழகணுங்க, எங்க போனா நல்லாருக்கும்?" என்று கேட்பவர்களும் அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

நம் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. கோவையிலோ பாலக்காட்டிலோ காசு கட்டிப் போகும் இரண்டு நாள் வகுப்பு. உறுப்பினர்களே கூடிப் பேசிப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப். ஊரிலேயே நடக்கிற அயல்கூட்டம் (குடும்பஸ்ரீயின் அக்கம்பக்கப் பெண்கள் குழு), வாயனசாலை (ஊர் நூலகம்), கிராமசபை. அப்புறம், கையில் இருக்கும் போனை வைத்துக்கொண்டு தனியாகப் பழகுவது. நான்கிலும் நல்லது உண்டு. ஆனால் காசும் நேரமும் அளவாக இருக்கும் ஒருவர் எதில் தொடங்குவது என்று கேட்டால், ஊர்க் கூட்டத்தில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதற்கு, நம் ஹாலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

முன்வரிசையில் அலுவலர்கள். பாதிப் பேர் தெற்கே இருந்து மாற்றலாகி வந்தவர்கள்; தமிழ் காதில் விழும், வேகமாகப் பேசினால் பிடிபடாது. நடுவில் இரண்டு மொழியும் ஒன்றாகப் புழங்குகிற நம்மவர்கள். பின்வரிசையில் தோப்பு வேலை முடித்து அப்படியே வந்து உட்கார்ந்த அம்மாக்கள். அவர்கள் வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். சந்தை மலையாளம் நன்றாகவே புரியும், ஆபீஸ் மலையாளம் புரியாது. மேடையிலிருந்து 'குணபோக்தா' (பயனாளி), 'ஆனுகூல்யம்' (சலுகை) என்று வரும்போது அவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி "என்னங்க சொல்றாரு?" என்று கேட்பார்கள். அந்த முணுமுணுப்பு மேடையில் நிற்பவர் காதில் விழ வேண்டும். விழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, இன்னொரு விதமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். விழாதவர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பின்வரிசை அவரை விட்டு எழுந்து போய்விட்டது என்றுதான் கணக்கு, உடம்பு நாற்காலியில் இருந்தாலும்.

அதனால் நான்கு வழியையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன். அங்கே போனால், அடுத்தவர் பேசுவதைக் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் வேலை எனக்கு உண்டா?

கேட்பதைப் பற்றி ஆராய்ந்தவர்களில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ரால்ஃப் நிக்கல்ஸ் முக்கியமானவர். 1950-களில் அவர் கண்டது இது: ஒருவர் பேசி முடித்த உடனேயே விசாரித்தால்கூட, சாதாரணமாக ஒருவருக்கு நினைவிருப்பது ஏறக்குறைய பாதிதான். அவர் சொன்ன காரணம் எளிது. அவர்கள் நாட்டில் சராசரிப் பேச்சு வேகம் நிமிடத்துக்கு 125 சொல். மனம் அதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். மிச்சமாகும் அந்த நேரத்தில் மனம் வீட்டுக்குப் போய்விடுகிறது, அல்லது தான் அடுத்துப் பேசப்போவதை ஒத்திகை பார்க்கிறது. நன்றாகக் கேட்பவர் அந்த நேரத்தில் இதுவரை வந்ததைச் சுருக்கிப் பார்க்கிறார், அடுத்து எங்கே போவார் என்று ஊகிக்கிறார், சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கிறார். இப்படிப் பத்துப் பேர் பேச்சைச் சுருக்கிப் பழகியவருக்கு, ஒரு பேச்சு எந்த இடத்தில் கேட்பவரை இழக்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும். தன் பேச்சில் அந்த இடத்தை அவரே வெட்டிவிடுவார்.

இரண்டு நாள் வகுப்பு

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். சனி, ஞாயிறு, ஓட்டல் ஹால், சில ஆயிரம் ரூபாய், மதியச் சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். 40 பேர் இருக்கிற ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளும் சேர்த்து 12 மணி நேரம். அதில் பாதியை மேடைக்கே ஒதுக்கினாலும் ஆளுக்கு 9 நிமிடம் கிடைக்கும். மீதி நேரமெல்லாம் பயிற்றுநர் பேசுவார், நாம் கைதட்டுவோம். பயிற்றுநர் நன்றாகப் பேசுவதைப் பார்ப்பதால் நமக்குப் பேச்சு வந்துவிடுமா என்ன?

இந்த வகுப்புகள் பலவற்றில் ஒரு கணக்கைத் திரையில் போடுவார்கள்: பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55. இது ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற உளவியலாளர் 1967-ல் வெளியிட்ட இரண்டு சிறு ஆய்வுகளிலிருந்து வந்தது. அந்தச் சோதனைகளில் யாரும் மேடையில் பேசவில்லை. ஒற்றைச் சொல்லை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டார்கள், முகப் படங்களைக் காட்டினார்கள். சொல்கிறவருக்கு நம் மேல் பிரியமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல்லும் தொனியும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது கேட்பவர் எதை நம்புகிறார் என்பதே அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று மெஹ்ரேபியனே சொல்லியிருக்கிறார். பால் சொசைட்டிக் கூட்டத்தில் லிட்டருக்கு எவ்வளவு ஏற்றிக் கொடுக்கப்போகிறோம் என்று சொல்லும்போது சொல்லுக்கு வெறும் 7 சதவீதம்தான் மதிப்பு என்று யாராவது சொன்னால் அவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

இந்த வகுப்பில் ஒரே ஒரு விஷயம் உண்மையிலேயே உதவும். நல்ல இடமாக இருந்தால் உங்கள் பேச்சை வீடியோ எடுத்து, உங்களோடு உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள். ஏற்கெனவே மாதத்துக்கு இரண்டு முறையாவது மேடை ஏறுபவருக்கு அது பிரயோசனம். புதிதாகத் தொடங்குபவருக்கு, கைகளை எங்கே வைப்பது என்ற கவலையைக் கூடுதலாகக் கொடுத்து அனுப்புவதோடு சரி.

டோஸ்ட்மாஸ்டர்ஸ்

ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924 அக்டோபரில் கலிபோர்னியாவின் சாந்தா அனா ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் தொடங்கிய கிளப் இது. இன்று உலகமெங்கும் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் கோவையில் இருக்கிறது. ஆசிரியர் என்று யாரும் கிடையாது. உறுப்பினர்களே பேசி, உறுப்பினர்களே குறை நிறை சொல்லிக்கொள்வார்கள். விருந்தினராகப் போய் உட்கார்ந்து பார்க்கப் பொதுவாகக் காசு கேட்பதில்லை.

கூட்டம் நடக்கும் விதத்தைச் சொன்னால் இதன் அருமை புரியும். தயாரித்துக்கொண்டு வரும் பேச்சுக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் டைமர் பச்சை விளக்கைக் காட்டுவார், ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. முடிக்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வருகிற நம் ஊர் வாழ்த்துரைகளைக் கேட்டவர்களுக்கு இந்தச் சிவப்பு விளக்கின் அருமை தெரியும். அடுத்தது, அந்த இடத்திலேயே தலைப்புக் கொடுத்து ஓரிரு நிமிடம் பேசச் சொல்வார்கள். இன்னொருவர் கையில் தாளோடு உட்கார்ந்து, யார் எத்தனை முறை 'ஆ', 'உம்' போட்டார்கள் என்று எண்ணுவார். நாம் தமிழில் பேசும்போது இந்த இடத்தில் வருவது 'வந்து', 'என்னன்னா', 'அதாவது'. மலையாளத்தில் 'பின்னெ', 'அதாயது'. எண்ணிச் சொன்னால்தான் நமக்கே தெரியும். அந்த இடத்தில் வாயை மூடி ஒரு மூச்சு விட்டால் போதும். கேட்பவருக்கு அது யோசித்துப் பேசுவதாகத் தெரியும், நமக்கு அடுத்த வாக்கியம் கிடைக்கும்.

என் கேள்விக்கு இங்கே நல்ல பதில் இருக்கிறது. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. அவர் முழுப் பேச்சையும் குறிப்பெடுத்துக்கொண்டு கேட்டு, பேச்சாளர் சொல்ல வந்தது என்ன, எது எடுபட்டது, எதை மாற்றலாம் என்று 2 அல்லது 3 நிமிடத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். இந்தப் பொறுப்பை விடாமல் கேட்டு வாங்குங்கள். பேச்சுக்குப் பேர் கொடுக்கப் பலர் வருவார்கள், மதிப்பீட்டுக்கு அவ்வளவு பேர் வருவதில்லை. கிளப்பில் சேர்ந்து பேசிக்கொண்டு மட்டும் இருப்பவர் வரும் லாபத்தில் பாதியை விட்டுவிடுகிறார்.

நம்மைப் பொறுத்தவரை இடைஞ்சல்களும் உண்டு. பெரும்பாலான கிளப்களில் ஆங்கிலம்தான் மொழி. ஐ.டி. வேலைக்குப் போகிறவருக்கு அது நேரடியாக உதவும். கிராமசபையில் பேச வேண்டிய வார்டு மெம்பருக்கு உதவாது. மாலையில் கூட்டம் என்றால் வேலந்தாவளம் வழியாகத் திரும்பி வர பஸ் பார்க்க வேண்டும், பெண்களுக்கு அது பெரிய யோசனை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே கேட்பவர்கள் எல்லாருமே உங்களை வாழ்த்த வந்தவர்கள். யாரும் நடுவில் எழுந்து "அதெல்லாம் இருக்கட்டும், தண்ணி எப்ப வரும்?" என்று கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்வது ஒரு தனிப் பயிற்சி. ஊரில் மட்டும்தான் அது கிடைக்கும்.

ஊர்க் கூட்டங்கள்

அயல்கூட்டத்தைப் பேச்சுப் பயிற்சி என்று யாரும் நினைப்பதில்லை. குடும்பஸ்ரீ 1998 மே 17 அன்று மலப்புறத்தில் வாஜ்பாய் தொடங்கி வைத்த திட்டம். அதன் அடித்தளம் இந்த அயல்கூட்டம்தான். ஒரு கூட்டத்தில் 10 முதல் 20 பெண்கள். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். சேமிப்பு வாங்குவார்கள், கடன் தவணை பார்ப்பார்கள், அந்த வாரத்து விஷயத்தைப் பேசுவார்கள், மினிட்ஸ் எழுதுவார்கள். மேடைக்கூச்சத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஒருவருக்குத் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. எல்லாம் தெரிந்த முகங்கள். மைக் இல்லை. பேச வேண்டியதும் நமக்குத் தெரிந்த விஷயம்.

அதிலும் மினிட்ஸ் எழுதுகிற வேலையைக் கேட்டு வாங்குங்கள் என்பேன். ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசுவதை நாலு வரியில் எழுத வேண்டும். பிறகு எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது யாராவது ஒருத்தர், "நான் அப்படிச் சொல்லலையே அக்கா, லோன் வேண்டாம்னு சொல்லலை, ஓணம் முடிஞ்சு வாங்கலாம்னுதானே சொன்னேன்?" என்பார். காசு கொடுத்தாலும் கிடைக்காத திருத்தம் அது. நம் காது எதை விட்டது என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. சில மாதம் இதைச் செய்தவர்கள் பேச எழுந்தால் வாக்கியம் குறுகிவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஆண்களுக்கும் மாணவர்களுக்கும் வாயனசாலை இருக்கிறது. பி.என். பணிக்கர் 1945-ல் 47 நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலை (நூலக) சங்கத்தைத் தொடங்கினார். கேரளம் முழுக்க நூலகம் வெறும் புத்தக அலமாரியாக நின்றுவிடாமல் கூட்டம் நடக்கும் இடமாக ஆனதற்கு அந்த இயக்கம்தான் காரணம். அவர் மறைந்த ஜூன் 19 வாசிப்பு நாள். அன்று தொடங்கி ஜூலை 7 வரை புத்தக அறிமுகம், விவாதம், பேச்சு என்று நடக்கும். அந்த நாட்களில் செயலாளரிடம் போய், ஒரு தமிழ்ப் புத்தகத்தை மலையாளம் பேசுகிறவர்களுக்குப் பத்து நிமிடத்தில் அறிமுகம் செய்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பேசி முடித்ததும் வரும் கேள்விகளிலிருந்து, உங்கள் பேச்சில் எது போய்ச் சேரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

கிராமசபை இதற்கு அடுத்த படி. கேரளத்தில் 1994 பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி வார்டுக்கு ஒரு கிராமசபை; மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஊராட்சி முழுவதற்கும் ஒரே சபை என்பதால் கூட்டம் பெரிது. இங்கே வார்டு அளவு என்பதால் எதிரே இருப்பது பக்கத்துத் தெருக்காரர்கள். 1996-ல், ஊருக்கு வேண்டியதை மக்களே பேசித் திட்டமிடும் மக்கள் திட்டம் வந்தபோது இதில் ஒரு நல்ல பழக்கம் சேர்ந்தது. விவசாயம், குடிநீர், கல்வி என்று துறை வாரியாகக் குழுக்களாகப் பிரிந்து உட்கார்ந்து பேசுவார்கள். பிறகு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் எழுந்து, குழுவில் பேசியதை எல்லாருக்கும் சொல்வார். அந்த ஒருவராக இருக்க முன்வாருங்கள். நம் சொந்தக் கருத்தை ஓரமாக வைத்துவிட்டு மற்றவர் சொன்னதைச் சரியாகச் சொல்வது, கேட்பதிலும் பேசுவதிலும் ஒருசேரப் பழக்கம் தரும் வேலை.

அப்படிப்பட்ட ஒரு சபையில் பார்த்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூட ஹால், சித்திரை வெயில், குடிநீர்ப் பேச்சு. நம் சித்தூர் கிழக்குப் பகுதி மழைநிழலில் இருப்பதால் கோடையில் இந்தப் பேச்சு வராத கூட்டமே இல்லை. ஒருவர் பைப் லைனை நீட்டியே ஆக வேண்டும் என்று கத்தினார். இன்னொரு அம்மா, லாரித் தண்ணீரே நாள் கணக்கில் வருவதில்லை, நீங்கள் பைப்பைப் பற்றிப் பேசுகிறீர்களா என்று எதிர்த்தார். சத்தம் ஏறியது. அப்போது பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தார். மைக்கை வாங்கி, சத்தம் அடங்கும்வரை பேசாமல் நின்றார். பிறகு, "அண்ணன் சொல்றது லைன் வேணும்னு. அக்கா சொல்றது லைன் வர்ற வரைக்கும் லாரி நாள் தவறாம வரணும்னு. ரெண்டும் நமக்கு வேணுங்க, ஒண்ணுக்கொண்ணு எதிரில்லை" என்றார். அப்படியே அதிகாரி பக்கம் திரும்பி, மலையாளத்தில், "சாரே, லைன் எப்போ வரும்? அது வரெ லோரி ஏது திவசம் வரும்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கத்தியவரும் எதிர்த்தவரும் தலையாட்டினார்கள். அலுவலர் பேனாவை எடுத்தார். குரலில் ஏற்ற இறக்கமோ கையசைவோ பெரிதாக இல்லை. தங்கள் பேச்சை ஒருவர் சரியாகக் கேட்டிருக்கிறார் என்று இரு பக்கமும் உணர்ந்ததால் அந்தக் கேள்விக்கு வலு வந்தது.

ஊர்க் கூட்டத்துக்கும் குறை உண்டு. பேசி முடித்தால் "நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். எதிர்த்துப் பேசினால் எந்தக் கட்சி என்று முத்திரை குத்துவார்கள். எப்போதும் பேசுகிற இரண்டு பேர் மைக்கை விடவே மாட்டார்கள். முதல் குறைக்கு மட்டும் எளிய வழி இருக்கிறது. நம்பிக்கையான ஒருவரைப் பின்வரிசையில் உட்காரச் சொல்லி, எங்கே வேகமாகப் போனேன், எந்தச் சொல் பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை, எந்த இடத்திலேயே முடித்திருக்கலாம் என்று கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள். "எப்படிப் பேசினேன்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

மைக்கும் ஊரில்தான் பழக்கமாகும், அதுவும் திருவிழா மைக்செட். தேர் வீதியில் கம்பத்துக்குக் கம்பம் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளியிருக்கிற ஸ்பீக்கரின் சத்தம், பக்கத்து ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 0.3 நொடி பிந்தி வந்து சேரும். வேகமாகப் பேசினால் ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல் ஏறி உட்கார்ந்துவிடும். நடுவில் நிற்பவருக்கு இரைச்சல்தான் மிஞ்சும். கூம்பு ஸ்பீக்கர் நடுத்தர ஒலிகளை மட்டும் உரக்கக் கொடுப்பதால் 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகளும் மழுங்கிவிடும். சின்ன வாக்கியம், முடிவில் ஒரு இடைவெளி, எண்ணை இரண்டு முறை சொல்வது ஆகிய மூன்றும் அங்கே கட்டாயம். மைக்கை வாயிலிருந்து ஒரு முஷ்டி அளவு தள்ளிப் பிடித்தால் போதும். 'கூ' என்று கத்த ஆரம்பித்தால், ஸ்பீக்கருக்கு எதிரே நிற்கிறோமா என்று பார்த்து விலகுங்கள். மைக் தலையைக் கையால் பொத்தினால் கத்தல் கூடத்தான் செய்யும்.

போனும் காதும்

தனியாகப் பழகுவதை வேறு ஒன்றோடு சேர்த்துச் செய்தால் நல்லது. அது மட்டும் போதாது. எதிரே ஆள் இல்லாமல் கேட்கும் திறன் வளராது. ஆனால் செலவே இல்லாத சில பயிற்சிகள் இதில் இருக்கின்றன.

உங்கள் பேச்சைப் பதிவு செய்து கேளுங்கள். முதலில் "இது என் குரலா?" என்று தோன்றும். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாகவும் மண்டை எலும்பு வழியாகவும் காதுக்கு வருகிறது. எலும்பு வழி வருவதில் கனம் கூடுதல். பதிவில் காற்று வழி மட்டும்தான். மற்றவர்கள் எப்போதும் கேட்பது அதைத்தான் என்பதால், அந்தக் கூச்சத்தைத் தாண்டிவிட வேண்டும். கேட்கும்போது குரல் அழகைப் பார்க்காமல், எந்த வாக்கியத்தின் கடைசிச் சொல் கேட்காமல் போனது என்று மட்டும் குறியுங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. கடைசிச் சொல்லை விழுங்கினால் செய்தோமா, செய்யவில்லையா என்பதே போய்விடும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பாளர்கள் செய்கிற பயிற்சி. வானொலிச் செய்தியைக் காதில் போட்டுக்கொண்டு, வாசிப்பவருக்கு அரை வாக்கியம் பின்னால் அப்படியே சொல்லிக்கொண்டே போவது. தமிழ்ச் செய்தியில் பழகிவிட்டு மலையாளத்துக்குப் போகலாம். கேட்பதும் பேசுவதும் ஒரே நேரத்தில் ஓடப் பழகும்.

பெரிய பேச்சாளர்களைக் கேட்பதானால், சுகுமார் அழிக்கோட்டின் பேச்சுகளைத் தேடுங்கள். 2012-ல் மறைந்தவர், மலையாள மேடையின் பெரிய குரல். தணிந்த குரலில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறுவார். தொடக்கத்திலேயே உச்சத்தில் கத்துகிறவர்கள் அவரிடம் கற்க வேண்டியது நிறைய. தமிழில் பட்டிமன்றம் கேட்டால், பேச்சாளர்களைவிட நடுவரைக் கவனியுங்கள். ஒவ்வொருவர் பேசியதையும் இரண்டு வரியில் திருப்பிச் சொல்லி, அதிலிருந்து தன் தீர்ப்பைக் கட்டுவார். இரண்டு மணி நேரம் கேட்டதன் பலன் அந்தப் பத்து நிமிடத்தில் தெரியும்.

எந்த மொழியில் பேசுவது

எங்கே பழகினாலும் நம் ஊரில் இந்தக் கேள்வி வந்தே தீரும். முழுக்க மலையாளத்தில் பேசினால் அலுவலர்களுக்கு வசதி; ஆனால் மனதில் தமிழில் யோசித்து வாயில் மலையாளமாக மாற்றுகிறவர் வேகம் குறைந்து தடுமாறுவார். முழுக்கத் தமிழில் பேசினால் நமக்குச் சரளம். தமிழில் பேசினால் மதிப்பார்களா என்று யாரும் தயங்க வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டமே, மொழிச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதத் தமிழர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. பேச்சில் தயங்குவானேன்?

என் விருப்பம், அந்தக் கிராமசபைப் பெண் செய்தது. விளக்கத்தை உங்கள் தமிழில் சொல்லுங்கள். கோரிக்கையையும் எண்ணையும் தேதியையும் மட்டும் மலையாளத்தில் இன்னொரு முறை சொல்லுங்கள். வாக்கியத்துக்குள்ளேயே இரண்டையும் கலப்பதைவிட இது தெளிவு. வெளியூர் விருந்தினர் வரும் பெரிய விழா என்றால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம். அப்போது நேரம் இரட்டிப்பாகும், பத்து நிமிடம் தந்தால் ஐந்து நிமிடப் பேச்சுதான் தயாரிக்க வேண்டும். பெயர்களையும் எண்களையும் முன்கூட்டியே ஒரு சீட்டில் எழுதி அவரிடம் கொடுங்கள். முழு வாக்கியம் முடிந்தபின் நிறுத்துங்கள். அவர் பேசும்போது தாளைப் பார்க்காமல் அவரைக் கேளுங்கள். தப்பாகப் போனால் திருத்த வேண்டியவர் நீங்கள்தான். நகைச்சுவை சொன்னால் இரண்டாவது சிரிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

யாருக்கு எது

அடுத்த மாதமே சொசைட்டிக் கூட்டமோ கிராமசபையோ இருக்கிறதென்றால் போனும் ஊர்க் கூட்டமும் போதும். வகுப்புக்குப் போகும் காசில் அந்த மாதத்துக் கறவைத் தீவனம் வாங்கிவிடலாம். எழுந்தாலே கை நடுங்குகிறவர் நேரே ஓட்டல் ஹாலுக்குப் போக வேண்டாம், பத்துப் பேர் உள்ள திண்ணையில் தொடங்கட்டும். கோவையில் வேலை தேடுகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் நல்லது. அதற்கு முன்னால் சில மாதம் வாயனசாலையில் பேசிவிட்டுப் போனால், அங்கே ஆங்கிலத்தோடு மட்டும் போராடினால் போதும், மேடையோடும் சேர்த்துப் போராட வேண்டியிருக்காது. போட்டிப் பேச்சை மனப்பாடம் செய்கிற பள்ளிப் பிள்ளைகளுக்கு, மேடைக்கு முன்னால் போய் நிற்கும் துணிச்சல் அதில் வருகிறது என்பது உண்மை. ஆனால் எழுதிக் கொடுத்த கையசைவோடு நின்றுவிடாமல், தனக்கு முன்னால் பேசிய பிள்ளை என்ன சொன்னது என்று வீட்டுக்கு வந்து சொல்லச் சொல்லுங்கள்.

கட்டண வகுப்பில் சேருவதாக முடிவு செய்தால், பணம் கட்டும் முன் போனில் இதையெல்லாம் கேளுங்கள்: ஒரு பேட்சில் எத்தனை பேர், எனக்கு மேடையில் மொத்தம் எத்தனை நிமிடம், தமிழில் பேசலாமா, அடுத்தவர் பேச்சை மதிப்பிடும் வேலை எனக்கு உண்டா, வீடியோவை வீட்டுக்குக் கொடுப்பார்களா. டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்றால் இரண்டு மூன்று கிளப்களுக்கு விருந்தினராகப் போய்ப் பார்த்துவிட்டு, மதிப்பீட்டாளர்கள் வெறும் பாராட்டோடு நிறுத்துகிறார்களா, குறையையும் சொல்கிறார்களா என்று கவனித்துச் சேருங்கள். அங்கே உறுப்பினர் கட்டணம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். புதிதாகச் சேர்பவருக்கு ஒருமுறைக் கட்டணம் தனி என்பதால் இரண்டையும் சேர்த்தே விசாரியுங்கள்.